ஜூலை 31 விழாவில் யார் பெயரை வாசிப்பது? முன்னாள் படைவீரர்களும் சான்றிதழ் இல்லாத பாட்டிகளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமும் கோவில் நிர்வாகமும் சேர்ந்து, வரும் ஜூலை 31 அன்று ஊரிலுள்ள முன்னாள் படைவீரர்களுக்கு விழா எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தில் ஒருவர், "நேதாஜி படையில் இருந்த எங்கள் பாட்டியின் பெயரையும் வாசிக்க வேண்டும்" என்று கேட்க, இன்னொருவர் "சான்றிதழ் எங்கே?" என்று மறுக்க, மூன்றாமவர் ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தாத்தாக்களை நினைவூட்ட, பேச்சு அதோடு நின்றுவிட்டது என்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது, பாட்டியின் அக்காள் சீருடையில் நிற்கும் ஒரு பழைய படம் மட்டும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாள் எதுவும் இல்லாத ஒருவரின் சேவையை ஊர் எந்த அளவுக்கு நம்பலாம், நம்பினால் அதை எந்தச் சொற்களில் சொல்லலாம் என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பேராக் மாநில இடைநிலைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆசிரியராக இருந்த காலத்திலிருந்தே தோட்டத்து முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லோரையும் "வீரர்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்காதீர்கள். ஒவ்வொருவரும் செய்த வேலை எதுவோ, அந்த வேலையின் பெயரைச் சொல்லி மதியுங்கள். நீங்கள் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு பெருமையும் நாளை ஒரு பேரப்பிள்ளை கேட்கும் கேள்வியில் உடைந்துபோகும். அப்போது உண்மையான பங்கும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மலேசியப் படைகளில் பணியாற்றியவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு ஆவணம் உண்டு. ஜூலை 31 வீரர் தினமாக அனுசரிக்கப்படுவது, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து மலாயாவில் அறிவிக்கப்பட்டிருந்த அவசரகாலம் 1960இல் அதே நாளில் முடிவுக்கு வந்ததால்தான். அந்த அவசரகாலம் தொடங்கியதே உங்கள் ஊரின் காலடியில்: 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டுக்கு அருகிலிருந்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எனவே இந்த நாளுக்கு உங்கள் ஊரில் இருக்கும் பொருத்தம் வேறு எந்தப் பட்டணத்துக்கும் இல்லை. மலாய் ரெஜிமென்ட் மலாய்க்காரர்களுக்கு மட்டுமானது என்பதால், நம்மவர்கள் பெரும்பாலும் ரேஞ்சர், சிக்னல், பொறியியல், மருத்துவம் போன்ற பிரிவுகளில் இருந்தார்கள். அவர்களை அழைக்கும்போது பதவி, பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள் மூன்றையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படை மருத்துவமனைகளில் தாதியாக இருந்த பெண்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். நான் கண்டவரை, கேட்காவிட்டால் அவர்கள் தாமாகச் சொல்வதில்லை. இன்னொன்று: ஓய்வூதியத் தகுதி பெறும் முன்பே படையிலிருந்து விலகியவர்கள் நம் பட்டணங்களில் பலர் இருக்கிறார்கள். விழா மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, படைவீரர் விவகாரத் துறையில் பதிந்துகொள்ள உதவும் ஒருவரை உட்கார வையுங்கள். யாருக்கு என்ன உதவி கிடைக்கும் என்பது சட்டமும் விதிமுறையும் சார்ந்தது. அதில் நான் பேசக்கூடாது, துறை அலுவலரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் பொன்னாடையோடு ஒரு விண்ணப்பப் படிவமும் அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

இனி, உங்கள் கூட்டம் நின்றுபோன இடத்துக்கு வருகிறேன். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை இவை. நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். அந்த மாதமே பெண்கள் படை பற்றிய அழைப்பு எழுந்தது. அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள், 22ஆம் தேதி, சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பெண்களுக்கான பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் லட்சுமி. கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதில் சேர்ந்து படையின் இரண்டாம் நிலைத் தலைமை வரை உயர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக மலாயா இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது அதில் பங்கேற்றார், மேலவை உறுப்பினரானார், 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார். ராசம்மா பூபாலன் தம் அக்காளோடு சேர்ந்தவர். பிறகு கல்வியாளராகவும் ஆசிரியைகளின் உரிமைக்குப் போராடியவராகவும் பெயர் பெற்றார்.

இந்தப் பெயர்கள் நமக்குத் தெரியக் காரணம், இவர்கள் படித்த குடும்பத்துப் பெண்கள், எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். படையின் பெரும்பகுதியாக இருந்தவர்களோ மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். பால்மரம் சீவியவர்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் அச்சாகவில்லை. உங்கள் விழா ஈடுசெய்ய வேண்டிய குறை இதுதான். வேறு யாரும் இதைச் செய்யப் போவதில்லை.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்ல வேண்டும். படையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. ஆயிரத்துக்கு மேல் என்று சொல்பவர்களும் உண்டு. ஆவணங்களையும் உயிரோடிருந்தவர்களின் பேட்டிகளையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வு ஐந்நூறுக்கும் குறைவாகவே மதிப்பிடுகிறது. ஆகவே மேடையில் எண்ணிக்கை எதையும் சொல்லாதீர்கள். இம்பாலில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டார்கள் என்றும் சொல்லாதீர்கள். துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள், பர்மாவுக்குப் போனார்கள், மேமியோவில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தார்கள், குண்டுவீச்சுக்கு நடுவில் இருந்தார்கள், 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கியபோது இரவு இரவாக நடந்தார்கள். முன்னணிப் போரில் இறக்கப்படவில்லை. இதைச் சொல்வதால் அவர்கள் மதிப்பு குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். புண்ணுக்குக் கட்டுப்போட மருந்தும் துணியும் பற்றாத ஓர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்த பதினேழு வயதுப் பெண்ணுக்கு வேறு வீரக் கதை எதற்கு?

ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல அவர் குடும்பத்தார் விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஈப்போவுக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அவரைச் சந்தித்தேன். எல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அணிவகுப்பில் பெண்கள் நிற்கும் ஒரு படத்தைப் பேத்தி காட்டியதும், படத்திலிருந்த முகங்களை விட்டுவிட்டு இடுப்புப் பட்டையில் விரல் வைத்தார். பட்டை பெரிதாக இருந்ததாம். ஆணியால் கூடுதல் துளை போட்டுத்தான் கட்டிக்கொள்வார்களாம். அதுவரை செருப்பே போடாத கால். பூட்ஸ் போட்ட முதல் வாரம் குதிகால் முழுவதும் கொப்புளமாம். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட்" என்று கட்டளைகளை வரிசையாகச் சொன்னார். அவருக்கு இந்துஸ்தானி ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாது. கட்டளைச் சொற்கள் மட்டும் அறுபது ஆண்டுகள் தாண்டியும் தடங்கலின்றி வந்தன. எந்தச் சான்றிதழும் இதைவிட எனக்கு நிறைவான ஆதாரமாக இருந்திருக்காது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வழி கிடைக்கிறது. முதியவரிடமோ அவர் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடமோ, "நேதாஜியைப் பார்த்தீர்களா?" என்று தொடங்காதீர்கள். எல்லோரும் பார்த்ததாகவே சொல்வார்கள். பலர் பொதுக்கூட்டத்தில் பார்த்திருக்கவும் கூடும். எங்கிருந்து ரயில் ஏறினார், முகாமில் பக்கத்தில் படுத்தவர் எந்தத் தோட்டம், காலையில் என்ன சாப்பாடு, எந்த மொழியில் கட்டளை, திரும்பி வரும்போது என்ன உடுத்தியிருந்தார் என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத சின்ன விவரங்களே நம்பத்தக்கவை. தேதியையும் ஒத்துப் பாருங்கள். பெண்கள் முகாம் திறந்தது 1943 அக்டோபர் என்பதால், 1942லேயே ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார் என்பது இருக்க முடியாது. பிறந்தது 1935 என்றால் அப்போது வயது எட்டுதான். அவர் பெரும்பாலும் சிறுவர்களுக்கான பால சேனையில் இருந்திருப்பார். அதுவும் ஒரு பங்குதான், அதையும் வாசியுங்கள், அதன் சொந்தப் பெயரால். இந்திய சுதந்திரச் சங்கத்துக்கு நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள், துணி தைத்துக் கொடுத்தவர்கள் என்றும் ஒரு பிரிவு இருக்கும்.

உங்கள் கையிலுள்ள படத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் குறைந்தது 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையோ ஊர்ப் பெயரோ இருந்தால் அது பெரிய துப்பு. சீருடை மட்டும் சான்றாகாது என்பதையும் மனத்தில் வையுங்கள். படத்தோடு சேர்த்து, அவர் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) கிராணி (எழுத்தர்) எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்று, வீட்டுப் பெயர் வேறொன்று, பின்னால் வந்த அடையாள அட்டையில் இன்னொன்று. அடையாள அட்டையே 1948இல் அவசரகாலத்தில்தான் இந்நாட்டில் வந்தது. போர்க்காலத்தில் அவரை அடையாளப்படுத்தும் அரசுத் தாள் எதுவும் இல்லாமல் இருப்பது இயல்பு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களின் பேட்டிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் உங்கள் குடும்பக் கதையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

தாள் ஏன் இல்லை என்று மறுத்தவருக்கு இதையும் சொல்லுங்கள். 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும், சிங்கப்பூர் எஸ்பிளனேடில் அந்த ஜூலையில்தான் அடிக்கல் நாட்டப்பட்டிருந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது 1995இல்தான். கல்லுக்கே அந்தக் கதி என்றால், லயத்து வீட்டில் சீருடையும் சீட்டும் வைத்திருப்பதற்கு எவ்வளவு பயந்திருப்பார்கள்? எரித்துவிட்டோம், புதைத்துவிட்டோம் என்று என்னிடம் சொன்ன குடும்பங்கள் உண்டு. முகாமுக்குப் போய் வந்த பெண் என்று தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று தாயே வாயைப் பொத்திய வீடுகளும் உண்டு. பிள்ளைகளுக்கே தெரியாமல் போனதற்கு அந்த மௌனம் ஒரு காரணம்.

அடுத்து சயாம் ரயில். இதில் என் கருத்தோடு உங்கள் கூட்டத்தில் சிலர் உடன்படாமல் போகலாம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதில் மலாயாத் தமிழர் எத்தனை பேர் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இவர்கள் படைவீரர்கள் அல்லர். பலர் பொய் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள், பலர் பிடித்து ஏற்றப்பட்டவர்கள். அவர்களை வீரர் பட்டியலில் சேர்ப்பது, அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை மறைப்பதாகிவிடும். தனியாக ஒரு நினைவஞ்சலி வையுங்கள். விழாவின் தொடக்கத்திலேயே, கைதட்டல் இல்லாமல்.

அந்த நினைவஞ்சலியில் லயத்தில் விடப்பட்ட மனைவிமார்களைத் தவறவிடாதீர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, வேலை நின்று, அரிசி நின்று போன தோட்டங்களில் மரவள்ளி நட்டு, கோணியை உடுத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அதன்பின் வந்த அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்கும் சட்டத்தின் கீழ், விடியற்காலையில் வாசல் கேட்டில் சோதனைக்கு நின்று, சாப்பாடு இல்லாமல் மரம் சீவப் போனவர்களும் அவர்களே. இதைப் போர்க்கால சேவை என்று சொல்லலாமா என்று கேட்டால், சேவை என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்த மாட்டேன். அவர்கள் யார் கட்டளைக்கும் உட்பட்டு அதைச் செய்யவில்லை. ஆனால் ஊர் இன்று இருப்பது அவர்களால்தான். அதை அப்படியே மேடையில் சொல்லலாம்.

படையில் சேராமலே போர்க்கால சேவை செய்த பெண்ணுக்குப் பேராக்கிலேயே உயர்ந்த உதாரணம் இருக்கிறது. ஈப்போவுக்கு அருகிலுள்ள பப்பானில் 74ஆம் எண் கடை வீட்டில் மருந்தகம் நடத்திய சிபில் கார்த்திகேசு, தாதியும் மருத்துவச்சியுமாக இருந்தவர். ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு இரகசியமாகச் சிகிச்சை செய்தார், ஒளித்து வைத்த வானொலியில் செய்தி கேட்டார். 1943இல் கைதாகி, ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பெய்த்தாய் செய்த சித்திரவதையிலும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்றார். பட்ட காயங்களின் விளைவாக 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் பப்பானுக்கும் ஈப்போவுக்கும் அழைத்துப் போங்கள்.

சிபில் ஜப்பானியரை எதிர்த்தார், ஜான்சி ராணிப் படையோ ஜப்பானியரோடு கைகோத்த இராணுவத்தின் பகுதி. இருவரையும் ஒரே மேடையில் எப்படிப் போற்றுவது என்று யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் கம்பாரில் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தியதும் பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவு ஒன்றுதான். தைப்பிங் போர்க் கல்லறையில் 850க்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள், பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். ஒரே தலைமுறை இந்தியர்கள் இரு பக்கமும் நின்றார்கள். அந்த வழக்கில் உங்கள் விழா தீர்ப்பு எழுத வேண்டாம். யார் எங்கே நின்றார், என்ன செய்தார் என்று தெளிவாகச் சொன்னால் போதும். கேட்பவர்களுக்கு அறிவு இருக்கிறது.

நினைவுக் கல் வைப்பதானால் தோட்ட நிலத்தில் வைக்காதீர்கள். நிலம் விற்கப்பட்டு லயமும் கோவிலும் போனதைப் பார்த்த ஊர் உங்களுடையது. பள்ளி வளாகத்திலோ, சொந்த நிலப்பட்டா உள்ள கோவிலிலோ அனுமதி எழுத்தில் வாங்கி வையுங்கள். பெயர்களைப் பதவி வரிசையில் வாசிக்காமல், தோட்டம் தோட்டமாக, பெரட்டில் (காலையில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும்போது) கூப்பிடுவது போல வாசியுங்கள். முதியவர்களுக்கு அது உடனே புரியும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி போதும். உறுதியானதற்கு "பணியாற்றினார்" என்றும், குடும்ப வாய்மொழி மட்டும் இருப்பதற்கு "குடும்பத்தார் நினைவுப்படி" என்றும் எழுதுங்கள். உங்கள் பாட்டியின் அக்காளுக்கு இப்போதைக்கு அந்த இரண்டாவது சொற்களே பொருந்தும். படத்திலோ பேட்டிகளிலோ வேறு ஆதாரம் கிடைத்தால் வரியை மாற்றிக்கொள்ளலாம். அதற்காகவே முதல் ஆண்டு கல்லில் வெட்டாமல் சட்டமிட்ட பட்டியலாக வையுங்கள்.

படைவீரர்களுக்கு ஜூலை 31 என்பது சரி. பெண்களுக்கு, முகாம் திறந்த அக்டோபர் 22 அன்று தனியாக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க முடியுமானால் நல்லது. வீரர் தினத்தின் ஓரத்தில் அவர்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இந்த வாரமே தொடங்க வேண்டியது வீடு வீடாகப் போவதைத்தான். தொண்ணூறு தாண்டியவர்கள் யாராவது இருந்தால் முதலில் அங்கே போங்கள்; அடுத்து, இறந்துபோன பாட்டிகளின் மூத்த பெண் பிள்ளைகளிடம். கைபேசியில் பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள், பேச்சை இடையில் மறிக்காதீர்கள், படங்களை வீட்டை விட்டு எடுத்துப் போகாமல் அங்கேயே நகல் எடுங்கள்.